துருப்பிடித்த நான்கு ஆண்டுகள்: 'நே பாசரான்' ஆவணப்படம் பற்றிச் சில குறிப்புகள்

சிலி என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் ஞாபகம் வருகிற பெயர் பாப்லோ நெரூதா. திரைப்படச் சங்கங்களில் புழங்கியவர்களுக்கு பாட்ரிசியோ குஸ்மான் எடுத்த 'சிலிக்கான போர்' ஞாபகம் வரலாம். இரண்டும் நம்மை 1973 செப்டம்பருக்கே கொண்டுபோய் நிறுத்தும். 11-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பன்னிரண்டு நாள் கழித்து நெரூதா இறந்தார். குஸ்மானின் ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் சில்வா அடுத்த ஆண்டு பிடித்துச் செல்லப்பட்டு, காணாமல் போனவர்களின் பட்டியலில் சேர்ந்தார். சுருள்கள் மட்டும் நாட்டைவிட்டுத் தப்பி வெளியே வந்தன.

அதே காலத்தை முற்றிலும் வேறு ஓர் ஊரிலிருந்து பார்க்கிற படம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பெயர் 'நே பாசரான்'. 2018-ல் வந்தது. இயக்கியவர் ஃபெலிப்பே புஸ்தோஸ் சியெரா. சிலியிலிருந்து வெளியேறிய பத்திரிகையாளர் ஒருவரின் மகன், பெல்ஜியத்தில் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் வாழ்கிறவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மாட்ரிட் நகரைக் காத்து நின்றவர்களின் முழக்கம் 'நோ பாசரான்', அதாவது 'அவர்கள் இந்த இடத்தைத் தாண்ட முடியாது'. அதில் 'நோ'வை எடுத்துவிட்டு ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கின் 'நே'யைப் போட்டிருக்கிறார்கள். படத்தின் குணம் அந்த ஓர் எழுத்திலேயே இருக்கிறது. பெரிய முழக்கம், உள்ளூர் நாக்கு.

நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் முறை கேள்விகள் வந்தன. இங்கே எழுதுவது பெரும்பாலும் இரண்டாம் முறை பார்த்ததைப் பற்றி.

நடந்தது என்ன

சால்வடோர் அலெண்டே 1970-ல் தேர்தலில் ஜெயித்து அதிபரானவர். செப்டம்பர் 11 அன்று நண்பகலை ஒட்டி, சிலி விமானப்படையின் ஹாக்கர் ஹண்டர் ஜெட்கள் சொந்த நாட்டின் அதிபர் மாளிகையான லா மொனேடாவின் மீது ராக்கெட்டுகளை வீசின. அலெண்டே உள்ளேயே இறந்தார். பினோசே தலைமையிலான ராணுவக் குழு பதினாறு ஆண்டுக்கு மேல் ஆண்டது. கொல்லப்பட்டோர், காணாமல் போனோர் 3,000-க்கும் மேல் என்பது பின்னாளில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. சித்திரவதையும் சிறையும் அனுபவித்தவர்கள் பல பத்தாயிரம் பேர்.

அந்த ஹண்டர் விமானங்கள் பிரிட்டனில் செய்யப்பட்டவை. அவற்றின் எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸின் 'ஏவான்'. ஜெட் எஞ்சின் என்பது வாங்கிப் பொருத்திவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை. இத்தனை மணிநேரம் பறந்தால் முழுசாகக் கழற்றி, பாகம் பாகமாகச் சோதித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டணும் என்று கணக்கு உண்டு. பூட்டியதைப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது மறுபடி பறக்கலாம். சிலியின் எஞ்சின்கள் அதற்காக வந்து சேர்ந்த இடம், கிளாஸ்கோ நகருக்குத் தெற்கே இருக்கும் ஈஸ்ட் கில்பிரைட். போருக்குப் பின் ஸ்காட்லாந்தில் திட்டமிட்டு எழுப்பிய முதல் புதுநகரம் அது. அங்கே ரோல்ஸ் ராய்ஸ் ஆலை இருந்தது.

ஆட்சிக்கவிழ்ப்பு நடந்து சில மாதங்கள் கழித்து, 1974-ல், பாப் ஃபுல்டன் என்கிற எஞ்சின் பரிசோதகர் தன் முன்னால் வந்து நிற்கிற எஞ்சின் யாருடையது என்று பார்க்கிறார். சிலி. 'இதில் நான் கை வைக்க மாட்டேன்' என்று மேலிடத்தில் போய்ச் சொல்லிவிடுகிறார். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர் அவர். பாசிசம் என்கிற சொல் அவருக்குப் புத்தகத்தில் படித்த சொல் இல்லை. அவர் பின்னால் சங்கப் பிரதிநிதிகளான ராபர்ட் சோமர்வில், ஜான் கீனன், சக தொழிலாளி ஸ்டூவர்ட் பேரி ஆகியோரும், அவர்கள் பின்னால் ஆலையும் நின்றன.

அவர்கள் செய்ததற்கு அங்கே 'பிளாக்கிங்' என்று பெயர். நம்ம ஊர் வேலைநிறுத்தத்திலிருந்து இது வேறுபடும். யாரும் ஆலையை விட்டு வெளியே போகவில்லை, சம்பளம் நிற்கவில்லை, மற்ற எல்லா வேலையும் நடந்தது. சங்கம் குறிப்பிட்ட ஒரு பொருளைக் 'கறுப்பு' என்று அறிவித்தால் அதை எந்த உறுப்பினரும் தொடமாட்டார், தூக்கமாட்டார், வண்டியில் ஏற்றமாட்டார். எஞ்சின்கள் பெட்டிகளில் வெளியே கிடந்தன. ஸ்காட்லாந்தின் மழையும் பனியும் எப்படிப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகள். 1978 ஆகஸ்டில் ஓர் இரவு லாரிகள் வந்தன, காலையில் எஞ்சின்களைக் காணோம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் யாரும் அவர்களிடம் வந்து சொல்லவில்லை.

படம் செய்வது

புஸ்தோஸ் சியெரா முதியவர்களான இந்த மனிதர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசவைக்கிறார். பிறகு அவர்கள் சார்பில் சிலிக்குப் போகிறார். எஞ்சின்கள் எங்கே போயின, அந்த மறுப்பு உண்மையிலேயே விமானப்படையைப் பாதித்ததா என்று துப்பறிகிறார். சிறையிலிருந்து மீண்டவர்களைச் சந்திக்கிறார். விமானப்படையின் முன்னாள் தளபதி ஒருவரையே கேமரா முன் உட்காரவைக்கிறார். கண்டுபிடித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து பெரியவர்களிடம் காட்டுகிறார். 2015-ல் ஃபுல்டன், சோமர்வில், கீனன் மூவருக்கும் சிலி அரசு தன் உயர்ந்த விருதுகளில் ஒன்றை வழங்கியது. தேடிப் பிடித்த எஞ்சின் ஒன்று கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கே திரும்பி வந்தது.

படத்தின் பெரிய பலம் முகங்கள். வசன வரிகள் இல்லாமல் ஸ்காட்லாந்து ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்த முகங்களுக்கு வசன வரி தேவைப்படவில்லை. தாங்கள் ஏதோ வீரச்செயல் செய்ததாக அவர்களில் யாரும் நடந்துகொள்ளவில்லை. கிண்டல் பண்ணிக்கொள்கிறார்கள், தேதியில் சண்டை போடுகிறார்கள். நம்ம ஊர்ச் சங்க அலுவலகத்தில் ஓய்வுபெற்ற தோழர்கள் டீ குடித்தபடி பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் அன்னியமாகவே தெரியாது.

இன்னொரு பலம், படம் அவசரப்பட்டு யாரையும் தியாகியாக்குவதில்லை. அந்த நால்வரும் வேலையை இழக்கவில்லை. சிறைக்குப் போகவில்லை. செய்ய முடிந்த ஒன்றைச் செய்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். படம் அதை அந்த அளவிலேயே வைக்கிறது. பாராட்ட வேண்டிய நிதானம்.

என் முதல் சிக்கல்: கணக்குப் பார்க்கும் கேமரா

படத்தின் முதுகெலும்பு ஒரு கேள்வி: 'அது பலன் தந்ததா?' துப்பறியும் கதைக்கு இது நல்ல முடிச்சு, கடைசிவரை நம்மை உட்காரவைக்கும். ஆனால் அந்த முடிச்சு நம்மை அறியாமலே ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுகிறது. விமானம் தரையில் நின்றால் செயல் வெற்றி, பறந்தால் வீண். விருது வந்தால் கணக்கு நேராகிவிட்டது.

ஒரு நிமிடம் மாற்றி யோசித்துப் பாருங்கள். எஞ்சின்கள் வேறு ஏதோ ஒரு நாட்டில் சரிசெய்யப்பட்டு, ஹண்டர்கள் ஒரு நாள்கூட நிற்காமல் பறந்தன என்று இயக்குநர் கண்டுபிடித்திருந்தால்? மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்களிடம் போய் என்ன சொல்லியிருப்பார்? படத்தில் இதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அந்த நிலைமை வரவில்லை. ஆனால் உலகத்தில் நடக்கும் பெரும்பாலான தோழமைச் செயல்களின் நிலைமை அதுதான். தேடி வருவதற்கு ஒரு இயக்குநர் கிடையாது. எஞ்சின் திரும்பி வராது. பலனைக் காட்டினால்தான் மதிப்பு என்றால், அவற்றில் முக்கால்வாசி குப்பைக்குப் போகும்.

எதிர்ப்பக்க நியாயமும் உண்டு, அதையும் சொல்லணும். பலனைப் பற்றிக் கவலையே இல்லாத தோழமை எளிதில் சுயதிருப்தியாகிவிடும். மெழுகுவத்தி ஏற்றி, படம் எடுத்து, வீட்டுக்குப் போய்விடலாம். துன்பத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது அநியாயமான கேள்வி இல்லை. சிலியில் அடைபட்டுக் கிடந்தவருக்கு நம்முடைய மனநிம்மதியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? படத்தில் இயக்குநர் அழுத்திச் சொல்லாத ஓர் இடத்தில் எனக்கு விடை கிடைத்ததாகத் தோன்றுகிறது. சிறையிலிருந்து மீண்டவர்கள் பேசும்போது பாருங்கள், எத்தனை விமானம் நின்றது என்கிற எண்ணிக்கைக்கு அங்கே இரண்டாம் இடம்தான். எங்கோ, பெயரே கேள்விப்படாத ஊரில், தங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர்கள் தங்கள் பக்கம் நின்றார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிசு. சித்திரவதையின் வேலையே ஒரு மனிதனை 'உனக்கு யாருமில்லை' என்று நம்பவைப்பது. அதற்கு நேரெதிரான வேலையை அந்த மறுப்பு செய்தது. இதுவும் பலன்தான், ஆனால் விமானப்படையின் பதிவேட்டில் தேடினால் கிடைக்காத பலன். கேமரா அந்தப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பலன் நம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சிக்கல்: நாலு பேரா, சங்கமா?

படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் மனதில் நிற்பது நான்கு நல்ல மனிதர்கள். சினிமாவுக்கு முகம் வேணும், புரிகிறது. ஆனால் நல்ல மனிதர்கள் எல்லா ஆலையிலும் இருக்கிறார்கள். 'தொடமாட்டேன்' என்று ஒருவர் சொன்னதும் மறுநாள் அவர் வேலையில் இருந்தாரே, அது எப்படி?

இங்கே படம் போதுமான நேரம் தங்கவில்லை என்பது என் கருத்து. பிரிட்டனில் 1974 என்பது தொழிற்சங்கங்களின் உச்சக் காலம். அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின் நடுவே தேர்தலுக்குப் போய் எட்வர்ட் ஹீத்தின் அரசு கவிழ்ந்தது. பொறியியல் தொழிலாளர் சங்கம் அப்போது அசைக்க முடியாத பலம். ஃபுல்டன் தனி ஆளாய் நின்று 'மாட்டேன்' என்றார், ஆனால் அந்த 'மாட்டேன்' தாங்குவதற்கு அடியில் ஒரு தளம் இருந்தது. பல ஆண்டு சந்தா, கூட்டம், கூலிப் பேச்சுவார்த்தை, சின்னச் சின்னச் சண்டைகள் என்று கட்டிய தளம். கூலிக்காகக் கட்டப்பட்ட அதே சங்கம்தான் சிலிக்கும் பயன்பட்டது.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸ் 1971-ல் திவாலாகி அரசுடைமையான கம்பெனி. ஆக, 1974-ல் அந்த எஞ்சின்களைச் சரிசெய்து தரவேண்டிய ஒப்பந்தக்காரர், மறைமுகமாக, பிரிட்டிஷ் அரசாங்கமே. அந்த மார்ச்சில் ஆட்சிக்கு வந்தது தொழிற்கட்சி, சிலி ராணுவத்தைக் கண்டித்த கட்சி. புதிதாக ஆயுதம் விற்கமாட்டோம் என்றது, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களை முறிக்கத் தயங்கியது. எரிக் ஹெஃபர் என்கிற இணையமைச்சர் சிலிக்குப் போர்க்கப்பல் தருவதை வெளிப்படையாக விமர்சித்து, பிரதமர் ஹெரால்டு வில்சனின் கண்டனத்துக்கு ஆளானார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டபோது, ஸ்பானர் பிடித்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். தோழமை என்பது நல்ல அரசாங்கம் வந்தால் தானாக நடக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஸ்காட்லாந்து முழுக்க இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. ஈஸ்ட் கில்பிரைட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓடும் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் தளங்களில் சிலிக் கடற்படைக்காக இரண்டு போர்க்கப்பல்களும் இரண்டு நீர்மூழ்கிகளும் கட்டப்பட்டன. நான்கும் போய்ச் சேர்ந்தன. எஞ்சின் நின்றது, கப்பல் போனது. ஏன்? என் ஊகம் இது: ஒரு பெரிய ஆலையில் சில எஞ்சின்களை ஒதுக்கிவைத்தால் யாருடைய அடுப்பும் அணையாது. கப்பல் தளத்தில் ஒரு கப்பல் என்பது பல நூறு குடும்பங்களின் பல மாதச் சோறு. அங்கே 'தொடமாட்டேன்' என்பதன் விலை வேறு. இதைச் சொல்வது ஆலைத் தொழிலாளரைச் சிறுமைப்படுத்த இல்லை. தோழமைக்கு விலை உண்டு, அந்த விலை எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. எஞ்சினை நிறுத்தியவரைப் புகழும்போது கப்பலை நிறுத்த முடியாதவரின் நிலைமையையும் யோசிச்சுப் பார்க்கணும்.

கால்பந்து இன்னொரு உதாரணம். சிலியின் தேசிய மைதானம், ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்த இடம். 1973 நவம்பரில் அங்கே ஆட மாட்டோம் என்று சோவியத் அணி உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றையே விட்டுக்கொடுத்தது. சிலி வீரர்கள் எதிரணியே இல்லாத மைதானத்தில் காலி வலைக்குள் பந்தைத் தள்ளினார்கள். 1977 ஜூனில் அதே மைதானத்தில், உள்நாட்டு எதிர்ப்பையும் மீறி ஸ்காட்லாந்து அணி ஆடியது. 4-2 என்று ஜெயித்தது. அந்த நாளில் ஈஸ்ட் கில்பிரைட்டில் சிலியின் எஞ்சின்கள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. ஒரே நாடு, ஒரே நாள், இரண்டு விதமான நடத்தை.

தளம் போனால்?

மார்கரெட் தாட்சர் 1979-ல் ஆட்சிக்கு வந்தார். ஷீலா காசிடி என்கிற பிரிட்டிஷ் மருத்துவரைச் சிலிப் போலீஸ் சித்திரவதை செய்ததைக் கண்டித்துத் திரும்ப அழைக்கப்பட்டிருந்த தூதர், 1980-ல் மறுபடி அனுப்பப்பட்டார். அதே ஆண்டு ஆயுதத் தடையும் நீங்கியது. நான்கு ஆண்டு மழையில் நனைந்த எஞ்சின்கள் சொன்ன சேதியை அரசாங்கம் ஒரு கையெழுத்தில் அழித்தது.

அதைவிட நீண்டகால விளைவு சட்டத்தில் நடந்தது. 1977-லேயே ஓர் அறிகுறி தெரிந்துவிட்டது. எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஒளிபரப்ப மாட்டோம் என்று பிபிசி ஊழியர் சங்கம் ஒன்று சொன்னபோது, இது தொழில் தகராறே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை போட்டது. 1982-ன் வேலைவாய்ப்புச் சட்டம் தொழில் தகராறு என்பதன் வரையறையையே சுருக்கியது: உன் சம்பளம், உன் வேலை நிலைமை பற்றியதாக முதன்மையாக இருந்தால்தான் சட்டப் பாதுகாப்பு. 1990-க்குள் ஒரு தொழிலாளி இன்னொரு ஆலைக்காரருக்காகப் போராடுவதே அநேகமாகச் சட்டவிரோதமாகிவிட்டது. கடல் தாண்டி இருக்கிறவருக்காகப் போராடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதாவது, 'உன் வயிற்றுக்காக மட்டும் போராடு' என்று சட்டம் எழுதிவைத்தார்கள். ஃபுல்டன் போன்ற ஒருவர் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கலாம். அவர் அடியில் இருந்த தளத்தைத்தான் உருவிவிட்டார்கள். படம் இந்தக் கதையையும் அழுத்திச் சொல்லியிருந்தால் பழைய காலத்து நல்ல மனிதர்கள் பற்றிய ஏக்கமாக முடியாமல், இன்றைக்கு நமக்கு என்ன இல்லாமல் போயிற்று என்கிற கேள்வியாக முடிந்திருக்கும்.

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று இதைத் தெளிவாக்கும். 1984 ஜூலையில் டப்ளினில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்கிற பல்பொருள் அங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருந்த 21 வயது மேரி மேனிங், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பழங்களுக்குப் பில் போட மறுத்தார். நிறவெறி நாட்டின் சரக்கைத் தொடுவதில்லை என்று அவர்களுடைய சங்கம் முன்பே தீர்மானம் போட்டிருந்தது. அவரை இடைநீக்கம் செய்தார்கள், சக ஊழியர்கள் வெளியே வந்தார்கள். அநேகமாக எல்லாருமே இளம்பெண்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் தெருவில் நின்றார்கள். 1987-ல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பொருள்களுக்குத் தடை விதித்தது. இங்கேயும் மேனிங்கின் முகம் நமக்குத் தெரிகிறது. ஆனால் அவர் 'முடியாது' என்று சொன்னது ஒரு தீர்மானத்தின் மேல் நின்று. எப்போதோ ஒரு மாநாட்டில் கை தூக்கிப் போட்ட, பெரும்பாலும் யாரும் மறுபடி எடுத்துப் பார்க்காத, அந்த மாதிரித் தீர்மானம்.

மூன்றாவது: சிலிக்காரர்கள் எங்கே?

இந்த மாதிரிப் படங்களில் ஒரு ஆபத்து உண்டு. துன்பப்படுகிறவர்கள் பின்னணியாகி, உதவினவர்கள் கதாநாயகர்களாகிவிடுவார்கள். 'நே பாசரான்' இதிலிருந்து பெருமளவு தப்பிக்கிறது, ஏனென்றால் கேமராவுக்குப் பின்னால் இருப்பவரே ஒரு புலம்பெயர்ந்த சிலிக்காரரின் மகன். ஆனாலும் எடை ஸ்காட்லாந்துப் பக்கமே சாய்கிறது.

ஹண்டர் விமானங்களைப் பற்றிய படம் என்பதால் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அந்த விமானப்படைக்குள்ளேயே மறுத்தவர்கள் இருந்தார்கள். ஜெனரல் அல்பெர்தோ பாச்செலெட் அலெண்டே அரசுக்கு விசுவாசமாக நின்றவர். அவருடைய சொந்தப் படையினரே அவரைப் பிடித்து வதைத்தார்கள். 1974 மார்ச்சில் சிறையில் மாரடைப்பால் இறந்தார். அவர் மகள் மிச்சேல் பாச்செலெட்டும் பிடிபட்டு, பின் நாட்டைவிட்டு வெளியேறி, பல ஆண்டு கழித்து சிலியின் அதிபரானார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 2015-ல் விருது வழங்கிய அரசு அவருடையதுதான்.

இரண்டு மறுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மறுத்து மாலையில் வீட்டுக்குப் போனார். இன்னொருவர் மறுத்து உயிரோடு திரும்பவில்லை. உள்ளூரில் பாதுகாப்பாக நின்று செய்கிற தோழமை, அங்கே உயிரைக் கொடுத்துச் செய்கிற எதிர்ப்புக்கு ஈடாகாது. அதன் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த வரிசையை மாற்றாமல் இருப்பதும் தோழமையின் ஒரு நாகரிகம். நால்வரிடமும் அந்த நாகரிகம் இருக்கிறது. பாராட்டும்போது அவர்கள் நெளிவதைப் பார்த்தாலே தெரியும்.

சரி, நமக்கு?

தமிழில் இதற்கு நான் 'தோழமை' என்கிற சொல்லையே எழுதிக்கொண்டு வருகிறேன். 'ஒருமைப்பாடு' என்றும் எழுதுவார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குப் பள்ளிக்கூட உறுதிமொழி ஞாபகம் வந்துவிடுகிறது, நாட்டுக்குள்ளேயே சுற்றுகிற சொல்லாகிவிட்டது. எல்லை தாண்டுவதற்கு அது ஆகாது.

தூர தேசத்தில் நிலநடுக்கம் வந்தாலும் ஆட்சி கவிழ்ந்தாலும் நமக்குத் தெரிந்தது இரண்டு வழி. பணம் அனுப்பலாம், இல்லையென்றால் வருத்தத்தை எழுதலாம். இரண்டையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பேரிடரில் பணம் உயிர் காக்கும். ஆனால் ஈஸ்ட் கில்பிரைட் மூன்றாவதாக ஒரு கேள்வியைக் கேட்கவைக்கிறது: அங்கே நடப்பதில் என் கை எங்கே படுகிறது? நான் செய்கிற, விற்கிற, ஏற்றுகிற, கணக்கு எழுதுகிற எந்தப் பொருள் அங்கே போய் என்னவாகிறது? ஃபுல்டன் சிலியைத் தேடிப் போகவில்லை. சிலி அவர் மேசைக்கு வந்தது. அவர் செய்த முதல் காரியம், அது எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்த்ததுதான்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றவோ இறக்கவோ மாட்டார்கள் என்று அறிவித்தது. செய்தித்தாளில் ஒரு சின்னப் பத்தியாக வந்து போனது. அதன் பலன் என்ன என்று நாற்பது ஆண்டு கழித்து யாராவது படம் எடுத்துச் சொல்வார்களா தெரியாது. எடுக்காவிட்டாலும் அந்த அறிவிப்பின் பொருள் குறைந்துவிடாது.

குறைகளாக நான் சொன்னதையெல்லாம் தாண்டி, படத்தைப் பாருங்கள். முடிந்தால் 'சிலிக்கான போர்' பார்த்த மறுநாள் பாருங்கள். குஸ்மானின் படத்தில் மேலே பறந்து நெருப்பு கக்கும் விமானத்தின் எஞ்சின், அடுத்த நாள் இந்தப் படத்தில் ஸ்காட்லாந்து மழையில் துருப்பிடித்துக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். அதைக் கடக்க அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது, எஞ்சினின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிப்பது. படித்த பின் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வது.